எட்டாம் நம்பர் செருப்பு

பாத்ரூமைப் பார்க்க வருகிறார்களாம். பதினொரு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வீட்டு ஓனர் தனுஷ்கோடியும் அவர் பெண்டாட்டி விசாலாட்சியும் ஜோடி போட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து, குடியிருக்கிற ஒருத்தி வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கப்போகிறார்களாம். சந்தனமாரி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் நைட்டியைப் போட்டுப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்து வருகிற நைட்டியில் கழுத்துப்பட்டியில் நாலு நூல் தொங்கும், கையோரத்தில் ரெண்டு, கீழ்மடிப்பில் எத்தனை என்று சொல்லவே முடியாது. அத்தனையையும் குட்டிக் கத்திரியால் ஒட்ட வெட்டி, உதறி, மடித்து வைத்தால் கடைக்குப் போகும். கை அதுபாட்டுக்கு வெட்டியது. மனசு அந்தப் பாத்ரூமிலேயே போய் நின்றது. குழாய் ஒழுகுகிறது என்று இவள் சொல்ல ஆரம்பித்து ஒன்றே முக்கால் வருஷமாகிறது. மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னாள், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னாள், பொங்கலுக்குக் கரும்பு கொண்டுபோய்க் கொடுத்தபோதுகூடச் சொன்னாள். ‘ஆள் அனுப்புறேம்மா’ என்பார். எந்த ஆளும் வந்ததில்லை. இப்போது மட்டும் அந்தக் குழாய்மேல் என்ன பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது? குழாயைப் பார்க்க ஒருத்தர் போதாதா, ரெண்டு பேர் எதற்கு? அவர்கள் பார்க்க வருவது குழாயை இல்லை. ஆம்பிளையை. அவள் வீட்டுக்குள் ஒரு ஆம்பிளை ஒளிந்திருக்கிறான் என்று பிடிக்க வருகிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறவள் வீட்டில். கத்திரி நூலோடு சேர்த்துத் துணியையும் ஒரு நறுக்கு நறுக்கிவிட்டது. சனியன். கட்டிலடியில் சீனி தலையைத் தூக்கிப் பார்த்தது. ‘ஒண்ணுமில்ல, நீ படு’ என்றாள். மூன்று மாதக் குட்டி. பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், மற்றது மடங்கிக் கிடக்கும். நாய் கூடாது என்று சொல்லி வாடகைக்கு விட்ட வீட்டில் நாய் இருக்கிறது, ஆம்பிளை இல்லை. நாயைக் காட்டினால் வீடு போகும். காட்டாவிட்டால் மானம் போய், அதன் பின்னாடியே வீடும் போகும். சுவரோரம் வைத்திருந்த கடிகாரத்தில் மணி பத்தேகால்.

சுவரோரம்தான் வைக்க முடியும், மாட்ட முடியாது. ஆணி கூடாது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தனுஷ்கோடி தன் பெயிண்டுக் கடையிலிருந்தே ஆளைக் கூட்டிவந்து நீல எழுத்தில் ஒரு போர்டு எழுதிப் போட்டிருக்கிறார். வந்த அன்றைக்கு அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள், அஞ்சாவதோடு நின்ற படிப்பு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாய், பூனை, கோழி கூடாது. விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் கூடாது. கேட் ஒன்பதரைக்குப் பூட்டப்படும். நாலுக்கும் தலையாட்டினாள். ஆட்டாமல்? பதினோரு வீடு ஏறி இறங்கிவிட்டு வந்தவள். ‘எத்தனை பேரு?’ என்பார்கள். ‘நான் மட்டுந்தாங்க’ என்பாள். அந்த ‘மட்டும்’ வாயைவிட்டு வந்ததும் எதிரில் நிற்கிற முகம் அப்படியே கதவு மாதிரி சாத்திக்கொள்ளும். ஒருத்தி, ‘போர்டை எடுக்க மறந்துட்டோம், வீடு போயிருச்சு’ என்றாள், அடுத்த மாதமும் அதே போர்டு அதே வாசலில் தொங்கியது. இன்னொருத்தர், ‘பொம்பளை மட்டும்னா யோசிக்கணும்’ என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளை இல்லை, புருஷன் செத்து ஒன்பது வருஷம், உழைத்துச் சாப்பிடுகிறாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடைசியில் இந்தக் காம்பவுண்டு. ஒரே வரிசையில் அஞ்சு வீடு, நடுவில் ஒரு சந்து, சந்து முனையில் ஒரு குழாய், மேலே ஓனர். சாமான் இறக்கிய அன்றைக்கு விசாலாட்சி காதோரம் வந்து சொன்னாள்: ‘மாரி, தனியா இருக்கிற பொம்பளை. வாசல்ல ஒரு ஆம்பிளைச் செருப்பு கிடக்கட்டும். வர்றவன் போறவனுக்கு ஒரு பயம் இருக்கும்ல.’ நல்லதுக்குத்தான் சொல்கிறாள் என்று அன்றைக்கு மனசு குளிர்ந்துபோனது. பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் போய் நின்றால், ‘அண்ணனுக்கு என்ன சைஸ்க்கா?’ என்றான் கடைக்காரன். யோசிக்காமலே எட்டு என்றாள். செத்துப்போன புருஷன் முனியசாமிக்கு எட்டு. வாங்கி வந்து பார்த்தால் புதுச்செருப்பு பளபளவென்று இருக்கிறது, பார்க்கிறவன் எவனும் நம்பமாட்டான். துவைக்கிற கல்லில் மணலைப் போட்டு, அடிப்பாகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாள், குதிகால் பக்கம் ஒருசாய்வாக, மனுஷன் நடந்தால் தேய்கிற மாதிரியே. இல்லாத ஒரு ஆம்பிளைக்கு நடை உண்டாக்கினாள். வெட்கங்கெட்டவள். இப்போது நினைத்தால் அந்தக் கல்லிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவளுடைய தனிமைக்கு அவளே காவலாகப் போட்ட செருப்பு, ரெண்டு வருஷம் அசையாமல் கிடந்த செருப்பு, இன்றைக்கு அவளைக் காட்டிக்கொடுக்க எழுந்து நிற்கிறது.

சீனியை எடுத்தது தப்பா? தப்பில்லை. எத்தனை தடவை கேட்டாலும் தப்பில்லை. நைட்டி குடோனுக்குப் பின்னால் ஒரு தாய்நாய் அஞ்சு குட்டி போட்டது. நாலு கடுவன், பால் மறந்த ஒரு வாரத்தில் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒன்று மிஞ்சியது. வாட்ச்மேன் ஒரு சாக்கை விரித்துப் பிடித்து, ‘இது பொட்டைக்கா, இதை யாரு எடுப்பா, ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துர்றேன்’ என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காலி அட்டைப்பெட்டியை வெளியே போடுகிறேன் என்கிற மாதிரி சொன்னான். அந்தச் சாதாரணம்தான் அவளைச் சுருக்கென்று தைத்தது. மூன்றாவதும் பொட்டையா என்று ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப்போன அப்பனுக்குப் பிறந்தவள் அவள். குடோனில் அவளோடு பிசிறு வெட்டுகிற ரோசம்மாள், ‘ஏட்டி, உங்க ஓனர் விடமாட்டாரே’ என்று சொல்லச் சொல்ல, குட்டியைத் தூக்கி நைட்டிக் கட்டுப் பைக்குள் வைத்து, மேலே ரெண்டு நைட்டியைப் போட்டு மூடி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் தொடையில் அது அடித்துக்கொள்வது தெரிந்தது. சந்தில் நுழையும்போது விசாலாட்சி எதிரே வந்து, ‘என்ன இன்னைக்குக் கட்டு பெருசா இருக்கு’ என்றாள். ‘தீபாவளி ஆர்டர்க்கா’ என்றாள் இவள். ஆடி மாதத்தில். எந்தக் கடைக்காரன் ஆடியிலேயே தீபாவளிக்குத் தைக்கிறான் என்று விசாலாட்சிக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றியிருக்கும். எல்லாவற்றையும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருப்பாள்.

அன்றைக்கு முழுக்கக் குட்டி அழுதது. சுவருக்கு அந்தப் பக்கம் கோமதி குடும்பம், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்பார்கள், அவ்வளவு ஒல்லிச் சுவர். வாயைப் பொத்தினாள், பால் வைத்தாள், துணியில் சுற்றினாள், நிற்கவில்லை. கடைசியில் பயத்தில் அவளாகவே பேச ஆரம்பித்தாள். என்ன சாமி, என்ன வேணும் உனக்கு, பசிக்குதா, ஆத்தாவைத் தேடுதா. சட்டென்று நின்றது. வாயை மூடினால் மறுபடி ஈங் என்றது. பேசினால் நின்றது. சரி, பேசுவதுதானே, பேசு. அன்றிலிருந்து மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். நாய்ச் சத்தம் வெளியே போகாமலிருக்கத் தன் சத்தத்தைப் போட்டு மூடினாள். ரசத்தில் புளி கூடிப்போனதைச் சொன்னாள், முட்டி எந்தப் பக்கம் வலிக்கிறது என்று சொன்னாள், சின்ன வயதில் திருவிழாவில் தொலைந்துபோய் ஒரு வளையல்கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். முனியசாமியிடம் இருபத்தாறு வருஷத்தில் இதில் பாதி பேசியிருக்க மாட்டாள். கெட்ட மனுஷன் இல்லை. எது சொன்னாலும் ‘ம்’ என்பான், அதோடு அந்தப் பேச்சு செத்துவிடும். இந்தக் குட்டி நிமிர்ந்து, ஒரு காதைத் தூக்கி, அடுத்து என்ன என்று கேட்கிறது. குடோனுக்குப் போவதை நிறுத்தினாள், நைட்டிக் கட்டுகளை மொத்தமாக வீட்டுக்கே வாங்கிவந்து பிசிறு வெட்டினாள், தனியாக விட்டால் கத்துமே. அப்புறம் பல் முளைக்கிற வயசு, கடிக்க ஏதாவது வேண்டும். வாசலில் கிடந்த எட்டாம் நம்பரை ஒருநாள் இழுத்துக்கொண்டு வந்தது. அதன்மேல் தாடையை வைத்தால்தான் தூங்கும் என்று ஆகிவிட்டது. இவளும், செருப்பைக் காணோம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, இருட்டினால் ரெண்டையும் உள்ளே எடுத்துப்போடுவாள், விடிந்ததும் துடைத்து வாசலில் வைப்பாள். என்ன கெட்டிக்காரத்தனம். சந்தில் நாலு வீட்டுக் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? கேட் பூட்டுகிற நேரத்துக்கு ஆம்பிளைச் செருப்பு உள்ளே போகிறது. கோழி கூவினால் வெளியே வருகிறது. அது சும்மா கிடக்கிற செருப்பு என்று மற்றவர்களுக்குத் தெரியாது, விசாலாட்சிக்குத்தான் தெரியும், சொன்னவளே அவள்தானே. சும்மா கிடக்கிற செருப்பு நடக்க ஆரம்பித்தால் உள்ளே கால் முளைத்திருக்கிறது என்றுதானே நினைப்பாள்.

நினைக்கட்டும். நினைத்தவள் நேரே வந்து கேட்டிருக்கலாமே. குழாயடியில் வைத்துத்தான் ஆரம்பித்தது. கோமதி குடத்தை வைத்துவிட்டு, ‘என்னக்கா, புதுசா ரேடியோ வாங்கியிருக்கீங்களா, எப்பப் பாத்தாலும் பேச்சுச் சத்தமா கேக்குது’ என்றாள். பக்கத்தில் நின்றவள் வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். ‘ரேடியோன்னா ரெண்டு பக்கமும் பேசும்ல, இது அக்கா குரல் மட்டுந்தான கேக்குது’ என்றாள் அவள். ‘அந்தப் பக்கம் வாயே திறக்காது போல, நல்ல ரேடியோ’ என்று கோமதி முடித்தாள். அப்போதும் இவளுக்கு உறைக்கவில்லை. நாயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தாள். மறுநாள், ‘கறிக்கடையில எலும்பு வாங்குனீங்களாமே, சூப்பா? யாருக்கு உடம்புக்கு முடியலை?’ இன்னொருத்தி. எல்லாம் நாயைச் சுற்றித்தான் என்று நினைத்து நினைத்துப் பயந்தாளே, மூன்று வாரம் சோறு இறங்காமல். இன்றைக்குக் காலையில் விசாலாட்சி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. அவள் கண் வீட்டுக்குள் ஓடிய ஓட்டம் நாயைத் தேடுகிற ஓட்டம் இல்லை. நாயைத் தேடுகிறவள் தரையைப் பார்ப்பாள். விசாலாட்சி கொடியைப் பார்த்தாள், வேட்டி சட்டை தொங்குகிறதா என்று. ‘மாரி, குடும்பம் இருக்கிற காம்பவுண்டு இது’ என்றாள். ‘உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. பதினோரு மணிக்கு அவரு வந்து பாத்ரூமைப் பாக்கணுங்கிறாரு.’ குடும்பம். அப்படியானால் இவள் யார், கோவில் யானையா? மூன்றாம் வீட்டுக்காரன் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியைச் சந்தில் இழுத்துப்போட்டு அடிக்கிறானே, அது குடும்பம். அதற்கு மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். ஒருத்தி தன் வீட்டுக்குள் மெதுவாக நாலு வார்த்தை பேசினால் அதற்கு இறங்கி வருவார்கள்.

பத்து நாற்பது. ரோசம்மாள் வீடு அடுத்த தெருதான். பைக்குள் போட்டுக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மத்தியானம் வரை வைத்திருப்பாள். வந்து பார்ப்பார்கள், நாயும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டான். அப்புறம்? ‘தெரிஞ்சு ஓடிட்டான்’ என்பார்கள். இல்லாதவனுக்கு ஓடத் தெரியாது என்று எப்படி நிரூபிப்பாள்? நாளைக்கும் கண் வைப்பார்கள், நாளன்றைக்கும். பேச முடியாது. பேசாவிட்டால் சீனி அழும். நாயைக் காட்டினால், ‘நாலு நாள்ல காலி பண்ணும்மா’ என்பார். மறுபடி பதினோரு வீடு, இந்த முறை நான் மட்டும் இல்லைங்க, ஒரு நாயும் உண்டு என்று சொல்லிக்கொண்டு. வாட்ச்மேனிடமே திருப்பிக் கொடுத்தால்? சாக்கு இன்னும் அங்கேதான் தொங்கும். நூல், நூல், கத்திரி. இல்லை, கொடுக்கமாட்டாள். இப்படி யோசித்துக்கொண்டே எழுந்தாள், எழுந்தவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்திருந்தாள். சீனியின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், ரெண்டாவது தட்டு கண்ணில் படக் கூடாது. ரெண்டு தலையணையில் ஒன்றை எடுத்துப் பெட்டிக்குப் பின்னால் திணித்தாள். அந்தத் தலையணை முட்டிக்கடியில் வைத்துக்கொள்கிறது. தைலம் வாடை அடிக்கிறது. அதைப் போய் ஏன் ஒளிக்கிறாள்? கட்டிலை விரித்துச் சுருக்கம் நீவினாள், கையால் தடவித் தடவி, ஒருத்திதான் படுத்தாள் என்று தெரிகிற மாதிரி. அப்போது அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது தனுஷ்கோடி மேல் இல்லை, கோமதி மேல் இல்லை. இந்தக் கை மேல். செருப்பைக் கல்லில் தேய்த்த அதே கை. வாழ்நாள் பூராவும் யாரோ வந்து பார்க்கப்போகிறார்கள் என்று துடைத்துத் துடைத்து வைத்த கை. தலையணையை வெளியே இழுத்துக் கட்டிலில் எறிந்தாள். தட்டை எடுத்து நடுவீட்டில் வைத்தாள். கதவுக் கொண்டியில் தட்டும் சத்தம். பத்து ஐம்பத்தைந்துதான் ஆகிறது. ஐந்து நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை பார்.

திறந்தாள். தனுஷ்கோடி மடித்துக் கட்டிய வேட்டியும் கையில் டார்ச் லைட்டுமாக நின்றார். பட்டப்பகலில். அவர் தோளுக்குப் பின்னால் விசாலாட்சி. சந்தில் கோமதி, தண்ணீர் வராத நேரத்தில் குடத்தோடு. ‘பாத்ரூம் அங்கிட்டுண்ணே’ என்று கையைக் காட்டினாள். டார்ச் கட்டிலடிக்குப் போனது. அங்கே ரெண்டு கண் மின்னியது. ‘ஏய், யார்ரா அது, வெளிய வா’ என்றார், குரல் பிசிறடித்தது. சீனி வெளியே வந்தது. காலையில் வாசலிலிருந்து இழுத்துவந்திருந்த எட்டாம் நம்பரின் இடதுகால் செருப்பை வாயில் கவ்வி, தரையில் இழுத்துக்கொண்டு வந்து, அவர் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தது. வாரெல்லாம் சக்கை சக்கையாகத் தொங்கியது. பிறகு விசாலாட்சி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ‘அட, நாயா. நாய்தானா மாரி. நான் என்னத்தையோ நினைச்சு, ராத்திரி பூரா கண்ணை மூடலடி.’ தனுஷ்கோடி டார்ச்சை அணைத்தார். ‘முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நாய்தான, இருந்துட்டுப் போகட்டும். காம்பவுண்டுக்குக் காவலுமாச்சு’ என்றார். வாசலில் கோமதி, ‘நாயாக்கா?’ என்றாள். பாவம், அவளுக்குத்தான் ஏமாற்றம்.

முடிந்தது. எதற்காக மூன்று வாரம் பயந்து செத்தாளோ அது கிடைத்துவிட்டது. வீடும் உண்டு, சீனியும் உண்டு. கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான் பாக்கி. நெஞ்சுக்குள் ஏதோ இறங்கவேண்டியது இறங்காமல் மேலே ஏறியது. அறைந்துவிட்டு, ஆள் மாறிப்போச்சு என்று சிரித்துக்கொண்டே போகிறவர்களிடம் கன்னத்தை என்ன செய்வது?

‘போர்டுல நாய் கூடாதுன்னு போட்டிருக்கேண்ணே’ என்றாள்.

‘அது சும்மா எழுதுறதும்மா.’

‘ஆம்பிளை கூடாதுன்னு எங்கண்ணே எழுதியிருக்கு? நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், விட்டுப்போச்சோ என்னமோ.’

அவர் விசாலாட்சியைப் பார்த்தார்.

‘எழுதினதெல்லாம் சும்மா. எழுதாததுக்கு டார்ச் லைட்டு எடுத்துட்டு வர்றீங்க.’

‘என்ன பேச்சு மாரி இது. உன் நல்லதுக்குத்தான்...’

‘செருப்பு வைக்கச் சொன்னதும் என் நல்லதுக்குத்தாங்க்கா.’ ஸ்டூலை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டாள். ‘வந்தது வந்துட்டீங்க, முழுசாப் பாத்துட்டுப் போங்க. ஏறுங்கண்ணே.’

‘வேணாம்மா, விடு.’

‘இன்னைக்குப் பாக்கலைன்னா நாளைக்குக் கோமதிக்குச் சந்தேகம் வரும். ஏறுங்க.’

அவர் ஸ்டூலை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு ஏறினார்.

‘என்ன இருக்கு?’

‘பாய்.’

‘வேற?’

‘ஒரு அண்டா.’

‘அண்டாக்குள்ள?’

மூடியைத் தூக்குகிற சத்தம். தூசி அவர் மூக்கில் ஏறித் தும்மினார். ‘ஒண்ணுமில்லம்மா.’

‘கோமதி, கேட்டுக்கிட்டியா, அண்டாக்குள்ள ஒண்ணுமில்லையாம்.’

கோமதியின் குடம் எதிலோ இடித்துக்கொண்டு நகர்ந்து போகிற சத்தம். தனுஷ்கோடியைப் பாத்ரூமுக்கும் கூட்டிப்போனாள். குழாய் டப், டப் என்று சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதை நின்று கேட்டார்கள். ‘வாஷர் போயிருக்கு. நாளைக்கே ஆள் அனுப்புறேன்’ என்றார் அவர், இவள் முகத்தைப் பார்க்காமல்.

‘அனுப்புங்க. ஆம்பிளை ஆளுதான வருவாரு? அக்காட்ட முன்கூட்டியே சொல்லிட்டு அனுப்புங்க.’

போய்விட்டார்கள். சந்தனமாரி உட்கார்ந்து கத்திரியை எடுத்தாள், வெட்டாமலே கீழே வைத்தாள். கோபம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை, அதுவும் ஒரு கட்டு மாதிரி மூலையில் இருக்கட்டும். எழுந்து வாசலுக்குப் போய், தனியாகக் கிடந்த எட்டாம் நம்பர் வலதுகாலை எடுத்துவந்து சீனி முன்னால் போட்டாள். ‘ரெண்டையும் தின்னு’ என்றாள், கோமதி வீட்டுச் சுவரைப் பார்த்து, குரலைக் கொஞ்சமும் தணிக்காமல். ‘இனிமே அது வாசலுக்கு வேண்டாம்.’ வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. வார் அறுந்து நைட்டி நூலால் தைத்தது, இடது குதிகால் பக்கம் சாய்ந்து தேய்ந்தது. கல்லில் தேய்த்ததில்லை, நடந்து தேய்ந்தது.